இடது கண்ணுக்கு ஒரு வேலை

பழைய காலண்டர் தாள் ஒன்றைச் சுருட்டித் தொலைநோக்கியாக்கிக்கொண்டு என் மகள் வீட்டைச் சுற்றி வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்தரை வயது. அண்ணன்தான் கப்பல் தலைவன். கரை தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வது இவள் வேலை. "இடது கண்ணுல வச்சுப் பாரு" என்று உத்தரவு போட்டான் அவன். வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். குழாய்க்குள் ஏதாவது அடைத்திருக்கிறதோ என்று வாயால் ஊதினாள். மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு வலது கண்ணுக்கு மாற்றிக்கொண்டு, "இப்பத்தான் சரியாச்சு" என்றாள்.

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன். அவளைக் கூப்பிட்டு வலது கண்ணை என் உள்ளங்கையால் பொத்தினேன். சுவர்க் கடிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குச் சரியாகக் கை காட்டினாள். முள் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"முள்ளே இல்லையேம்மா."

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்தரை வருடம் என் மடியிலேயே வளர்ந்த பிள்ளை. ஓடுவாள், படம் வரைவாள், தரையில் கிடக்கும் குண்டூசியைக்கூட எடுத்துக் கொடுப்பாள். ஒரு கண் மட்டுமே அத்தனையையும் செய்துகொண்டிருந்தது என்று யாருக்குத் தோன்றும்? அவளுக்கே தெரியாது. பிறந்தது முதல் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். உலகம் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருப்பாள்.

கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்துப் பார்த்தார். வலது கண்ணில் லேசான பிளஸ் பவர். இடது கண்ணில் பிளஸ் ஐந்து. இரண்டுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் இருந்ததால், தெளிவான படம் வந்த கண்ணை மூளை வைத்துக்கொண்டு, மங்கலான படம் வந்த கண்ணை ஒதுக்கிவிட்டிருந்தது. ஆம்பிளயோப்பியா என்று எழுதிக் கொடுத்தார். பேச்சு வழக்கில் சோம்பேறிக் கண். உலகம் முழுக்க நூறு குழந்தைகளில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இது இருக்கிறது. மாறுகண்ணாலும் வரும், பிறவிக் கண்புரையாலும் வரும், எங்கள் வீட்டில் வந்ததுபோல் ஒரு கண்ணின் பவர் மட்டும் கூடியிருப்பதாலும் வரும்.

சோம்பேறிக் கண் என்ற பெயர் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. வேலை இருந்தும் செய்யாதவனைத்தான் சோம்பேறி என்போம். இந்தக் கண்ணுக்கு யாரும் வேலையே கொடுக்கவில்லை.

டேவிட் ஹூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1960களில் செய்த ஆராய்ச்சியைப் பற்றி அந்த நாட்களில்தான் படித்தேன். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைச் சில வாரங்கள் தைத்து மூடி வைத்தார்கள். பிறகு பிரித்துப் பார்த்தால் கண்ணில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் மூளையின் பின்புறத்துப் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணின் பேச்சைக் கேட்க நரம்பணுக்களே கிட்டத்தட்ட இல்லாமல் போயிருந்தன. திறந்திருந்த கண் அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தால் ஒன்றும் ஆகவில்லை. 1981இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றதில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு. படித்தபோது அந்தப் பூனைக்குட்டிகளை நினைத்து மனசு கனத்தது. என் பெண்ணின் தலைக்குள் நடந்ததைப் புரியவைத்ததும் அதே பூனைக்குட்டிகள்தான்.

பார்வை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேலை. வெளிச்சத்தைக் குவித்து விழித்திரையில் படம் விழவைப்பது கண்ணின் வேலை. விழுந்த படத்தை வாசிப்பது மூளையின் வேலை. வீடியோ கேம் பார்வைக்கு நல்லதா என்ற கேள்வி பிற்பாடு எங்கள் வீட்டிலும் எழுந்தது. அதற்கு ஆளுக்கொரு பதில் வருவதற்குக் காரணமே, கேட்பவர் ஒன்றையும் சொல்பவர் மற்றொன்றையும் நினைத்துக்கொள்வதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் நான்கு மாதம் கண்ணாடி மட்டும் போதும் என்றார் மருத்துவர். கண்ணாடி ஒன்றே இவ்வளவு செய்யுமா என்று எனக்குச் சந்தேகம். செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. இரண்டு கண்ணின் பவர் வித்தியாசத்தால் இந்தக் குறை வந்த, ஏழு வயதுக்கு உட்பட்ட 84 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. வேறு சிகிச்சை எதுவும் இல்லாமல் கண்ணாடி மட்டும் போட்டதிலேயே 77 சதவீதக் குழந்தைகள் எழுத்துப் பலகையில் இரண்டு வரியாவது முன்னேறினார்கள். 27 சதவீதம் பேருக்குக் குறையே நீங்கிவிட்டது. என் மகளும் இரண்டு வரி இறங்கி வாசித்தாள். அதோடு நின்றுவிட்டாள்.

அடுத்தது பேட்ச். நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் ஒட்டி மூட வேண்டும். பஃபோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1743லேயே மாறுகண்ணுக்கு இந்த வழியைப் பற்றி எழுதியிருக்கிறார். இருநூற்றெண்பது வருடப் பழக்கம். சொல்ல எளிது, ஒரு பிள்ளையை வைத்துச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் பாடு. நன்றாகத் தெரிகிற கண்ணை மூடிவிட்டு, புகை மூட்டத்துக்குள் போய் விளையாடு என்றால் எந்தக் குழந்தை கேட்கும்? மூக்குப் பக்கம் இடுக்கு விட்டு அதன் வழியே பார்ப்பாள். குளியலறைக்குள் போய் உரித்துச் சுவரில் ஒட்டிவிட்டு வருவாள். ஒருநாள் பொம்மையின் கண்ணில் ஒட்டி, "இவளுக்குத்தான் கண்ணு சரியில்லை" என்றாள். புருவ முடி பிய்ந்து, தோல் சிவந்து, மாலை நேரம் வந்தாலே வீட்டில் அழுகைதான். என் கையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்களும் உண்டு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆறு மணி நேரம் ஒட்டச் சொல்லாமல் இரண்டு மணி நேரம் சொன்னாரே, அது ஒரு ஆறுதல். மிதமான குறைக்கு இரண்டு மணி நேரம் ஒட்டினாலும் ஆறு மணி நேரம் ஒட்டினாலும் பலன் ஒன்றே என்று 2003இல் வந்த ஆய்வு காட்டியிருந்தது. அதற்குமுன் வளர்ந்த பிள்ளைகள் பாதி நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு மாலையில், அண்ணன் டிவியில் கார் ரேஸ் கேம் ஆடிக்கொண்டிருந்தான். இவள் பேட்சோடு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு ஆட்டம் தா" என்று கேட்டாள். கண்ணில் ஒட்டியிருக்கும்போது தானாக எதையாவது கேட்டது அதுதான் முதல் முறை. கொடுத்தான். கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. மறுபடி மோதியது. "வளைவு வருது, திருப்பு, திருப்பு" என்று அவன் கத்த, இவள் உடம்போடு சேர்த்துத் திருப்ப, நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம். ஒரு தடவைகூடக் கை பேட்ச் பக்கம் போகவில்லை.

"என்னம்மா இது, கண்ணு இருக்கிற நிலைமையில கேம் ஆட விடுறியே" என்றார் அத்தை. அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. டிவியைக் கிட்டத்தில் பார்க்காதே, கண் கெட்டுவிடும் என்று பிள்ளைகளை வளர்த்தவர். எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் அந்த நாற்பது நிமிடத்தை என்னால் விட்டுவிட முடியவில்லை.

அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரித்தபடி, "பேட்ச்தான் மருந்து. கேம் தேன். தேன்ல குழைச்சுக் குடுத்தா பிள்ளை மருந்தைச் சாப்பிடும்னா குடுங்க. நேரத்தை மட்டும் பார்த்துக்குங்க" என்றார். டிவியிலிருந்து எட்ட உட்காரவைக்கவும், கண்ணாடியைக் கழற்றாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் உறவினர் ஒருவர் வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்பினார். வீடியோ கேம் விளையாடினால் குழந்தைகளின் கண்பார்வை கூர்மையாகும், விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. எனக்குச் சாதகமான செய்திதான். அத்தையிடம் உடனே காட்டியிருக்கலாம். காட்டவில்லை. உண்மையா என்று தெரிந்துகொண்டு காட்டலாம் என்று இருந்தேன். அதற்கு எனக்குப் பல இரவுகள் ஆயின.

அந்தச் செய்தியின் வேர் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஷான் கிரீன், டாஃப்னி பவெலியே என்ற இருவர் 2003இல் 'நேச்சர்' இதழில் எழுதிய ஆய்வு அது. ஆக்‌ஷன் கேம் ஆடுபவர்களுக்குப் பார்வைக் கவனம் அதிகம் என்று கண்டார்கள். ஒருவேளை கவனம் அதிகம் உள்ளவர்கள்தான் அந்தக் கேமை ஆட வருகிறார்களோ என்ற சந்தேகம் வருமல்லவா? அதற்காக, ஆடிப் பழக்கமில்லாதவர்களை அழைத்துவந்து தினம் ஒரு மணி நேரம், பத்து நாள் போர்க்கள கேம் ஒன்றை ஆடவிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் கேம். போர்க்கள கேம் ஆடியவர்களே முன்னேறினார்கள்.

2009இல் பவெலியே குழு இன்னொன்றைச் சோதித்தது. காண்ட்ராஸ்ட் உணர்வு என்பார்கள். சாம்பல் பின்னணியில் அதைவிடச் சற்றே கருத்த சாம்பல் கோடு இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் திறன். மூடுபனியில் வண்டி ஓட்டும்போது எதிரே வருவது தெரிவதற்கு உதவுவது அதுதான். ஒன்பது வாரங்களில் 50 மணி நேரம் ஆக்‌ஷன் கேம் ஆடியவர்களுக்கு அந்தத் திறன் கூடியிருந்தது. வீடு கட்டிக் குடும்பம் நடத்தும் சாந்தமான கேம் ஆடியவர்களுக்குக் கூடவில்லை.

இந்த ஆய்வுகளில் ஆடியவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள். கண்ணில் கோளாறு இல்லாதவர்கள். யாருடைய கண்ணாடிப் பவரும் இதனால் குறையவில்லை. மாறியது மூளையின் வாசிப்பு. செய்தி கைமாறிக் கைமாறி வரும்போது வளர்ந்தவர்கள் குழந்தைகளாகிவிட்டார்கள், வாசிப்புத் திறன் கண்பார்வை ஆகிவிட்டது.

இருந்தாலும் என் மகளின் பிரச்சினை மூளையின் வாசிப்பில்தானே? அதனால் தொடர்ந்து படித்தேன். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரோஜர் லீ, டென்னிஸ் லெவி குழு 2011இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த இரவு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதில் கலந்துகொண்ட 20 பேருக்கும் ஆம்பிளயோப்பியா. ஏழெட்டு வயதைத் தாண்டினால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நெடுங்காலம் கைவிடப்பட்ட வயதுக்காரர்கள். நல்ல கண்ணை மூடிக்கொண்டு 40 மணி நேரமும் அதற்கு மேலும் கேம் ஆடினார்கள். பார்வைக் கூர்மை சராசரியாக மூன்றில் ஒரு பங்கு கூடியது. சிலருக்கு ஆழம் உணரும் பார்வையும் மேம்பட்டது. நல்ல கண்ணை மூடிக்கொண்டு 20 மணி நேரம் வேறு வேலை பார்த்தவர்களுக்கு முன்னேற்றம் தெரியவில்லை.

அந்த ஆய்வில் சிலர் போர்க்கள கேம் ஆடாமல் நகரம் கட்டும் கேம் ஆடினார்கள். அவர்களுக்கும் பலன் கிடைத்தது. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. சுடுவதில் மந்திரம் ஏதும் இல்லை. பலவீனமான கண்ணை வைத்துக்கொண்டு மனம் முழுக்க ஒன்றி ஒரு காரியத்தைச் செய்வதில்தான் ஏதோ இருக்கிறது.

கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் டாஃப்னி மாரர் செய்தது இதைவிட மனதைத் தொட்டது. இரண்டு கண்ணிலும் புரையோடு பிறந்து, பிற்பாடு அறுவை செய்துகொண்ட ஏழு பேர். எல்லாரும் இருபதுகளை ஒட்டிய வயது. நான்கு வாரத்தில் 40 மணி நேரம் கேம் ஆடியபின் பெரும்பாலானவர்களுக்குச் சிறிய எழுத்தைப் படிப்பதிலும் நகரும் புள்ளிகளின் திசையை அறிவதிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஏழு பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆனால் வாசல் சாத்திவிட்டது என்று சொல்லப்பட்டவர்களுக்கு வாசல் சாத்தப்படவில்லை என்று காட்டியது.

இந்த இடத்தில் ஒரு முட்டுக்கட்டை. வளர்ந்தவர்களுக்குப் பலன் தந்த கேம்களில் பெரும்பாலானவை துப்பாக்கியும் ரத்தமும். ஆறு வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது, கொடுக்கவும் கூடாது. ஆகவே குழந்தைகளுக்கென்றே தனியாகக் கேம் செய்தார்கள்.

அதன் பின்னால் உள்ள யோசனை அழகானது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெஸ் போன்றவர்கள் சொன்னது இது: பலவீனமான கண் குருடாக இல்லை, பலமான கண் அதைப் பேசவிடாமல் அமுக்குகிறது. அப்படியானால் பலமான கண்ணை முழுக்க மூடி ஒதுக்குவதைவிட, அதன் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி இரண்டையும் சேர்ந்து வேலை செய்யப் பழக்கலாமே. டெட்ரிஸ் போன்ற கேமில் மேலிருந்து விழும் கட்டைகள் பலவீனமான கண்ணுக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். கீழே அடுக்கியிருக்கும் கட்டைகள் பலமான கண்ணுக்கு மட்டும் மங்கலாகத் தெரியும். இரண்டு கண்ணும் ஒத்துழைத்தால்தான் கட்டையைப் பொருத்த முடியும். 2013இல் வளர்ந்தவர்கள் 18 பேரை வைத்து, தினம் ஒரு மணி நேரமாக இரண்டு வாரம் பார்த்ததில், இப்படி இரண்டு கண்ணாலும் ஆடியவர்கள் ஒரு கண்ணை மூடி ஆடியவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள்.

உடனே எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது. பேட்சின் காலம் முடிந்தது என்றே சிலர் பேசினார்கள். பீடிக் என்ற அமெரிக்கக் குழந்தைக் கண்நோய் ஆய்வுக் குழு இதைப் பெரிய அளவில் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டது. ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை 385 குழந்தைகள். பாதிப்பேர் ஐபேடில் அந்தக் கேமைத் தினம் ஒரு மணி நேரம் ஆட வேண்டும், பாதிப்பேர் தினம் இரண்டு மணி நேரம் பேட்ச். 16 வாரம் கழித்துப் பார்த்தால், கேம் ஆடியவர்கள் சராசரியாக ஒரு வரி சொச்சம். பேட்ச் ஒட்டியவர்கள் ஒன்றேகால் வரிக்குச் சற்றுக் கூடுதல். பேட்சுக்குக் கேம் ஈடாகவில்லை.

காரணம் என்னவாக இருக்கும்? எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்பதை ஐபேடே பதிவு செய்து வைத்திருந்தது. சொன்ன நேரத்தில் முக்கால் பங்காவது ஆடிய குழந்தைகள் 22 சதவீதம்தான். அதைப் படித்தபோது எனக்குக் குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்த பேட்ச் நினைவுக்கு வந்தது. கட்டை விழுகிறது, அடுக்கு, விழுகிறது, அடுக்கு. மருத்துவர் கட்டளைப்படி தினம் ஒரு மணி நேரம், நான்கு மாதம். எந்தக் கேமும் கட்டாயமாகிவிட்டால் வீட்டுப்பாடம்தான்.

அடுத்ததாக, தங்கம் தோண்டும் டிக் ரஷ் என்ற கேம். குழந்தைகள் விரும்பும்படி படங்களோடு செய்தது. சிறிய சோதனையில் பலன் தெரிந்தது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 138 குழந்தைகளிடம் எட்டு வாரம் பெரிதாகச் சோதித்தபோது, கண்ணாடி மட்டும் போட்டவர்களும் கண்ணாடியோடு கேம் ஆடியவர்களும் ஒரே அளவில் நின்றார்கள். நியூசிலாந்து உள்ளிட்ட நாடுகளில் நடந்து 2018இல் வெளிவந்த இன்னொரு சோதனையிலும் இரண்டு கண் கேமுக்கும் வெறும் பெயருக்குக் கொடுத்த கேமுக்கும் வித்தியாசம் இல்லை.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன், எனக்குச் சாதகமில்லாததையும் சேர்த்து. "அப்ப நீ என்னதான் சொல்ல வர்றே?" என்றார். எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை.

2021 அக்டோபரில், மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது. லூமினோப்பியா ஒன் என்று பெயர். அது கேமே இல்லை. தலையில் மாட்டும் வி.ஆர். கருவியில் குழந்தை தனக்குப் பிடித்த கார்ட்டூனைத் தானே தேர்ந்தெடுத்துப் பார்க்கிறது. பலமான கண்ணுக்குப் போகும் படம் மங்கலாக்கப்படுகிறது, அங்கங்கே சில பகுதிகள் மறைக்கப்படுகின்றன. நான்கு முதல் ஏழு வயது வரை 105 குழந்தைகள். வாரம் ஆறு நாள், தினம் ஒரு மணி நேரம், 12 வாரம். கருவியைப் பயன்படுத்தியவர்கள் 1.8 வரி முன்னேறினார்கள், கண்ணாடி மட்டும் போட்டவர்கள் 0.8 வரி. யோசனை அதே பழைய யோசனைதான். வேறுபாடு, பிள்ளை தானாக வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூளை ஒரு கண்ணை ஒதுக்கியது, அந்தக் கண்ணிடமிருந்து உருப்படியாக எதுவும் வரவில்லை என்பதால். அதைத் திரும்பக் கேட்கவைக்க வேண்டுமானால், அந்தக் கண் வழியே வருவது அந்தக் குழந்தைக்கு வேண்டியதாக இருக்க வேண்டும். வளைவு எங்கே வருகிறது என்று என் மகளுக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அண்ணனிடம் தோற்றுவிடுவாள். சிறு மணிகளைக் கோப்பதும் கதைப் புத்தகமும்கூட அதே வேலையைச் செய்யும், பிள்ளைக்கு அதில் ஆசை இருந்தால். என் பெண்ணுக்கு மணி கோப்பதில் ஆசை வரவில்லை. காரில் வந்தது.

ஆகவே தினமும் மாலை நாற்பது நிமிடம் கேம், மீதி நேரம் படம் வரைதல், புதிர் அட்டை, அண்ணனோடு பந்து. இரண்டு மணி நேரமும் பேட்ச் கண்ணிலேயே இருக்கும். கழற்றினால் கேம் நின்றுவிடும் என்பது ஒப்பந்தம். அத்தை கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பார்த்தால் அவரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "லாரி வருது பாரு, லாரி வருது" என்று பேத்தியோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்.

கதையை இத்தோடு முடித்தால் நான் பொய் சொன்னவள் ஆவேன். வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறானே.

தங்கையின் சிகிச்சை நடந்த வருடத்தில் அண்ணனின் கண்ணை நான் மறந்துவிட்டேன். பத்து வயதில் அவனுக்கு மைனஸ் முக்கால் இருந்தது. பதினொன்றரையில் பார்த்தபோது மைனஸ் இரண்டு. தங்கைக்கு நேர் எதிர். இவனுக்கு மூளை நன்றாகத்தான் வாசிக்கிறது. கண்ணின் உருவம் மாறுகிறது. கண் பந்து முன்னும் பின்னுமாக நீண்டுகொண்டே போகிறது. வளர்ந்தவர் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அது ஒரு மில்லிமீட்டர் கூடினாலே கண்ணாடியில் இரண்டரை பவருக்கு மேல் ஏறிவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. மிக அதிகமாக நீண்டால் பிற்காலத்தில் விழித்திரை கிழியும் ஆபத்து கூடும். இதற்கு உலகத்தில் எந்தக் கேமும் உதவாது.

கேம்தான் அவன் கண்ணைக் கெடுத்ததா? பாடச்சுமையும் அந்த வருடம் கூடியிருந்தது, எனக்கும் என் கணவருக்குமே கிட்டப்பார்வை உண்டு. ஒன்றைப் பிரித்துக் குற்றம் சாட்ட என்னால் முடியாது. ஆனால் தங்கைக்குத் துணையாக என்று ஆரம்பித்த கேம், அவள் எழுந்து போனபின்பும் அவன் கையில் இருந்தது. டிவியிலிருந்து போனுக்கு மாறி, முகத்துக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்தது. வெளியே ஓடித் திரிந்த மாலை நேரத்தை அது தின்றுவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான்.

வெளி வெளிச்சம் பற்றிய ஆய்வுகள் கேம் ஆய்வுகளைவிட உறுதியானவை. சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015இல் வந்த முடிவு இது. தைவான் 2010 முதலே பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளியே விடச் சொல்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். வீட்டுக்குள் விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் சில நூறு லக்ஸ்தான். வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைத்து, கண் நீளாமல் தடுக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் முக்கியமான விளக்கம்.

இப்போது அவனுக்கு விதி வேறு. முதலில் வெளியே, பிறகுதான் கேம், அதுவும் டிவியில், எட்ட உட்கார்ந்து. போனில் கேம் கிடையாது. "தங்கச்சிக்கு மட்டும் கேம் மருந்து, எனக்கு மட்டும் விஷமா?" என்று கேட்டு அழுதான். அவனை உட்காரவைத்து, இரண்டு கண்ணின் படத்தையும் தாளில் வரைந்து, அவள் கண்ணில் என்ன நடக்கிறது, அவன் கண்ணில் என்ன நடக்கிறது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டான். கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் மாலையில் தங்கையையும் இழுத்துக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தான்.

இதை வாசிக்கிற பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கேமை நம்பிச் சிகிச்சை தொடங்காதீர்கள். சொட்டு மருந்து விட்டுச் செய்யும் முழுப் பரிசோதனைக்குமுன் குழந்தையின் கண்ணில் என்ன குறை என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கே விளையாட்டுப் போல ஒரு கண்ணைப் பொத்தி, பிறகு மற்றதைப் பொத்தி, எட்டத்தில் இருப்பதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் பொத்தும்போது மட்டும் பிள்ளை கையைத் தள்ளிவிட்டால் மருத்துவரிடம் போங்கள். புகைப்படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மகளுக்கு இப்போது எட்டு வயது முடியப்போகிறது. பேட்சை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. இடது கண் வலது கண்ணைவிட ஒரு வரி பின்தங்கியே இருக்கிறது. கண்ணாடி செய்தது எவ்வளவு, பேட்ச் செய்தது எவ்வளவு, கார் செய்தது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் தடவை போனபோது மருத்துவர் ஒரு படப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். பக்கம் முழுக்க ஒரு பெரிய ஈ. கறுப்புக் கண்ணாடி போன்ற ஒன்றை மாட்டிவிட்டு, "இறக்கையைப் பிடி பார்ப்போம்" என்றார். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால் அந்த இறக்கை தாளைவிட்டு மேலே எழும்பி நிற்பதுபோல் தெரியும். அன்று அவள் விரலைத் தாளின்மேல் தட்டையாக வைத்தாள். அச்சிட்ட ஒரு பூச்சிப் படம், அவ்வளவுதான் அவளுக்கு.

போன வாரம் மறுபடி அதே புத்தகம். கண்ணாடியை மாட்டியதும் குனிந்து பார்த்தாள். விரல்கள் இரண்டும் கிள்ளுவதுபோல் குவிந்து, தாளுக்கு மேலே வெறும் காற்றில் போய் நின்றன. தொடாமலேயே கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்தாள்.

"ச்சீ, அம்மா, அது பறந்துடும்."